வைத்திய அறிஞர் பிலிப் ஹெஞ்ச்

மூட்டுக்கள் வீங்கி, விரல்கள் கோணி, காலையிற் படுக்கையை விட்டு எழுதற்கும் பிறர் கையைப் பற்ற வேண்டிய நிலையில் வருந்துவோரை நம்மிற் பலரும் கண்டிருக்கின்றோம். அவர்தம் நோவைத் தணிக்கும் மருந்துகள் இன்று பல உள. அவற்றுள் மிக்க வலிமை வாய்ந்த ஒன்றை உலகுக்கு அளித்தவரும், அளித்த கையாலேயே அதன் எல்லையையும் வரைந்து காட்டியவருமாகிய ஒரு வைத்தியரின் சரித்திரத்தை ஈண்டு எழுதப் புகுந்தோம். மருந்தைக் கண்டுபிடித்தோர் சரித்திரங்கள் பெரும்பாலும் வெற்றி முழக்கத்தோடு முடிந்துவிடும். இவர் சரித்திரத்திலோ வெற்றிக்குப் பின் வந்த ஆண்டுகளே நாம் ஊன்றி நோக்கத் தக்கவை.

பிலிப் ஷோவால்டர் ஹெஞ்ச் என்பார் அமெரிக்க ஐக்கிய நாட்டுப் பிட்ஸ்பர்க் நகரில் 1896-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 28-ஆம் நாள் பிறந்தார். ஈஸ்டன் என்னும் ஊரிலுள்ள லாபயெட் கலாசாலையிற் பயின்று 1916-இல் பி. ஏ. பட்டமும், பிட்ஸ்பர்க் சர்வகலாசாலையில் 1920-இல் வைத்தியப் பட்டமும் பெற்றார். பிறவியிலேயே அண்ணம் பிளந்திருந்தமையால் அவர் பேச்சுத் தெளிவின்றி ஒலிக்கும். அவர் அதனைப் பொருட்படுத்தினாரல்லர். உரத்த குரலிற் பேசினார். பெரிய சபைகளிலும் ஏறிப் பிரசங்கம் செய்தார். நாவன்மை போதாதென்று மேடையேற அஞ்சும் மாணவ நண்பர்கள் இதனைச் சிறிது நினைவிற் கொள்வார்களாக.

1921-இல் மின்னஸோட்டா மாகாணத்து ராச்சஸ்டர் நகரிலுள்ள மேயோ வைத்திய நிலையத்தை அடைந்தார். தம் தொழில்வாழ்வு முழுவதையும் அங்கேயே கழித்தார் எனலாம். 1926-இல் அந்நிலையத்தின் வாதநோய்ப் பகுதிக்குத் தலைவரானார். ஜெர்மனி தேசத்து ப்ரைபர்க், ம்யூனிக் நகரங்களுக்குச் சென்று அங்குள்ள பேராசிரியர்களிடத்தும் சில காலம் கற்றுத் திரும்பினார்.

வாதநோய்ப் பகுதி என்பது அக்காலத்து வைத்தியர்களால் விரும்பப்பட்டதன்று. காரணம் எளிதில் விளங்கும். மூட்டுநோய் பலவகைப்படும். வயது முதிர்வாலும் உழைப்பாலும் மூட்டினுள்ளிருக்கும் குருத்தெலும்பு தேய்ந்து வருவது ஒன்று. உடம்பைக் காக்கவேண்டிய ஆற்றலே மாறுபட்டு உடம்பின் மூட்டுக்களைப் பகையெனக் கொண்டு தாக்க, அங்கே அழற்சி மூண்டு வீக்கமும் வெப்பமும் நோவும் உண்டாவது மற்றொன்று. பின்னதையே முடக்குவாதம் என்கின்றோம். இது முதியோரையன்றி இளமையுடையோரையும், ஆடவரினும் மகளிரையே மிகுதியாகவும் பற்றுவது. இது யாதோ ஒரு கிருமியால் வருவதென்றும், ஒருமுறை பற்றினால் மீளாதென்றும் அந்நாளில் வைத்தியர் பலர் நம்பினர். ஆதலால் கிருமி உறையும் இடமென்று ஐயுற்று நோயாளிகளின் பற்களைப் பிடுங்கினர். தொண்டைச் சதையை அறுத்தனர். நோவோ தணிந்தபாடில்லை. ஆஸ்பிரின் ஒன்றே ஓரளவு துணை நின்றது.

இந்நிலையில், 1929-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் முதல் நாள், அறுபத்தைந்து வயதுள்ள நோயாளி ஒருவர் ஹெஞ்சிடம் ஒரு செய்தி கூறினார். அவர் தாமும் ஒரு வைத்தியர். நெடுநாளாக முடக்குவாதத்தால் வருந்திய அவருக்கு இடையிற் காமாலை கண்டது. கண்ட மறுநாளே மூட்டுக்களின் நோவு குறையத் தொடங்கியது. சின்னாளில் நன்றாக நடந்தார். காமாலை சில வாரங்களில் நீங்கிற்று. நோவு நீங்கிய நன்னிலையோ அதன் பின்னும் பல மாதங்கள் நிலைத்தது. வேறு யாரேனுமாயின் இதனைத் தற்செயல் என்று கேட்டுவிட்டு மறந்திருப்பர். ஹெஞ்ச் மறந்திலர். மீளாதென்று கூறப்பட்ட நோய் ஒருவரிடத்தில் ஒரு வாரத்தில் மீண்டதாயின், மீளாது என்னும் கூற்றே பிழையாதல் வேண்டும் என்று எண்ணினார். அன்று தொடங்கித் தம்பால் வந்த நோயாளர் ஒவ்வொருவரையும் காமாலை வந்ததுண்டோ என்று வினவி வந்தார். வந்தவர் பலரிடத்தும் அதே கதையைக் கேட்டார். கருவுற்ற மகளிரிடத்தும் முடக்குவாதம் தணிந்திருத்தலையும், பிள்ளைப்பேற்றின் பின் அது திரும்புதலையும் கண்டு குறித்துக்கொண்டார்.

காமாலை ஆண் பெண் இருபாலார்க்கும் வருவது. கருப்பமோ மகளிர்க்கே உரியது. இரண்டிலும் ஒரே நன்மை விளைதலின், ஆணுடம்பிலும் பெண்ணுடம்பிலும் இயல்பாகவே உள்ள யாதோ ஒரு பொருள் அவ்விரு நிலைகளிலும் மிகுதலாலேயே நோய் தணிகின்றது என்று ஹெஞ்ச் உய்த்துணர்ந்தார். பெயரறியாத அப்பொருளுக்கு எக்ஸ் என்று பெயரிட்டார். பித்த உப்புக்களைக் கொடுத்துப் பார்த்தார். காமாலை கொண்டவரின் இரத்தத்தைச் செலுத்திப் பார்த்தார். ஒன்றும் பயன்படவில்லை. இங்ஙனம் ஆண்டுகள் பல கழிந்தன.

அதே மேயோ நிலையத்தில் எட்வர்ட் கால்வின் கெண்டால் என்னும் ரசாயன அறிஞர் இருந்தார். சிறுநீரகங்களின் மேல் தொப்பி கவிழ்த்தாற்போல் அமைந்துள்ள அட்ரீனல் சுரப்பிகளின் புறப்பகுதியிலிருந்து பல பொருள்களை அவர் பிரித்தெடுத்து, ஏ, பி, ஈ, எப் என்று எழுத்தாற் பெயரிட்டு ஆராய்ந்து கொண்டிருந்தார். ஸ்விட்ஸர்லாந்தில் டாடியூஸ் ரைக்ஷ்டைன் என்பாரும் அவ்வாராய்ச்சியையே தனித்து நடத்தினார். ஹெஞ்சும் கெண்டாலும் அடிக்கடி கூடிப் பேசுவர். அட்ரீனல் சுரப்பி குன்றியவர்க்குக் காணும் களைப்பும் முடக்குவாத நோயாளரின் களைப்பும் ஒத்திருத்தலை ஹெஞ்ச் உணர்ந்தார். கிடைக்கும் காலத்து ஈ என்னும் பொருளை இந்நோயில் ஆராய்தல் வேண்டும் என்று 1941-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் இருவரும் முடிவு செய்தனர். முடிவு செய்தல் எளிது. பொருள் கிடைப்பதே அரிது. மாடுகளின் சுரப்பிகளை மணங்குக் கணக்கில் அரைத்தாலும் கடுகளவே எஞ்சும்.

இரண்டாம் உலகப்போர் இடைப்பட்டது. ஹெஞ்ச் ராணுவ வைத்தியத்துக்கு அழைக்கப்பட்டு, ஆர்கன்ஸாஸ் மாகாணத்து ஹாட் ஸ்ப்ரிங்ஸ் என்னும் ஊரிலிருந்த படைவீரர் வாதநோய் வைத்தியசாலையை நடத்தினார். ஜெர்மானிய விமானிகள் அட்ரீனல் சாற்றை உட்கொண்டு மிக்க உயரத்திற் பறக்கின்றனர் என்றொரு வதந்தி அப்போது பரவியது. அஃது ஆதாரமற்றதே. ஆயினும் அவ்வதந்தி அமெரிக்க அரசாங்கத்தாரை இவ்வாராய்ச்சிக்கு ஊக்கமளிக்கச் செய்தது. மெர்க் கம்பெனியைச் சேர்ந்த லூயிஸ் சாரெட் என்னும் இளைஞர் 1944-இல் மாட்டுப் பித்தத்திலிருந்து முப்பதுக்கு மேற்பட்ட படிகளைக் கடந்து ஈ என்னும் பொருளைச் சிறிதளவு ஆக்கினார். காமாலையைத் தொடர்ந்து சென்ற ஹெஞ்சின் தேட்டம் ஈற்றிற் பித்தத்திலிருந்தே ஆக்கப்பட்ட ஒரு மருந்தை வந்தடைந்தமை வியப்பன்றோ!

1948-ஆம் ஆண்டு கோடையில் இருபத்தொன்பது வயதுடைய பெண்மணி ஒருவர் முடக்குவாதத்தாற் கைகால் இயங்காதவராய் ராச்சஸ்டரிலுள்ள செயின்ட் மேரீஸ் வைத்தியசாலைக்கு வந்தார். செயற்கையாகக் காமாலை வருவிக்கச் செய்த முயற்சி பலிக்கவில்லை. அப்பெண்மணியோ குணமுறாது வீடு திரும்புவதில்லை என்று உறுதி பூண்டிருந்தார். ஹெஞ்ச் மெர்க் கம்பெனியாருக்கு எழுதி ஈ என்னும் பொருளிற் சிறிது வேண்டிப் பெற்றார். செப்டம்பர் மாதம் 21-ஆம் நாள் ஊசி வழியே முதன்முதல் அது செலுத்தப்பட்டது. நாள் ஒன்றுக்கு 100 மில்லிகிராம் என்பது அளவு. மூன்றாம் நாள் அப்பெண்மணி சிறிதே சாய்ந்து நடந்தார். ஒரு வாரம் ஆதற்குள் வெளியே சென்று மூன்று மணி நேரம் கடைத்தெருவிற் பொருள் வாங்கி வந்தார்.

அந்த 100 மில்லிகிராம் என்னும் அளவைச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். அருமையான பொருளாயிற்றே என்று ஹெஞ்ச் குறைவாகத் தொடங்கியிருப்பின் பயன் யாதும் கண்ணுக்குத் தோன்றாது, மருந்தே பயனற்றதென்று கைவிடப்பட்டிருக்கக் கூடும். அளவு பெரிதாயிருந்தமையாலேயே கண்டுபிடிப்பு நிகழ்ந்தது. அதே அளவு நெடுநாள் தொடரப்பட்டபோது அதுவே கேடாயிற்று. ஒரே எண் வாழ்வும் தாழ்வும் ஆன கதை இது.

ஆரவாரம் முதலில் வந்தது. ஹெஞ்ச், கெண்டால், உடனிருந்த வைத்தியர்களாகிய சார்லஸ் ஸ்லோகம்ப், ஹவர்ட் பாலி ஆகிய நால்வரும் பதினான்கு நோயாளரிடத்து ஆராய்ந்த முடிவுகளை 1949-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் வெளியிட்டனர். படுக்கையினின்று எழ மாட்டாதிருந்தோர் சின்னாட்களிற் படியேறுவதைச் சலனப்படமாக எடுத்துச் சபையிற் காட்டியபோது, கூடியிருந்த வைத்தியர்கள் எழுந்து நின்று கைதட்டினர். ஈ என்னும் பெயர் வைட்டமின் ஈ என்பதனோடு மயங்குதல் கருதிக் கார்ட்டிசோன் என்று புதுப்பெயர் இடப்பட்டது. 1950-இல் ஹெஞ்ச், கெண்டால், ரைக்ஷ்டைன் மூவருக்கும் வைத்தியத் துறைக்குரிய நோபல் பரிசு வழங்கப்பெற்றது. மருந்து வேண்டி எழுதிய கடிதங்கள் மேயோ நிலையத்திற் குவிந்தன. பத்திரிகைகள் அதிசய மருந்தென்று எழுதின.

இனித் துன்பப் பகுதி. மருந்தை நிறுத்தியவுடன் நோவு திரும்பிற்று; சிலருக்கு முன்னையினும் கடுமையாகத் திரும்பிற்று. நிறுத்தாது தொடர்ந்தாலோ, முகம் முழுமதி போல் உருண்டது, உடம்பு ஊதியது, தசை வலி குன்றியது. சிலர் காரணமின்றிப் பெருமகிழ்ச்சி கொண்டனர், சிலர் சித்தம் கலங்கினர். இரைப்பையிற் புண் உண்டாயிற்று. எலும்புகள் உள்ளே பொள்ளலாகி எளிதில் முறிந்தன. கிருமிகளை எதிர்க்கும் ஆற்றல் தாழ்ந்தமையால், தொற்றுநோய் உள்ளே பரவியும் காய்ச்சலின்றி மறைந்து நின்றது. இவற்றினும் கொடியது ஒன்று உண்டு. வெளியிலிருந்து மருந்து வந்துகொண்டே இருத்தலால் அட்ரீனல் சுரப்பி தன் தொழிலை மறந்து சுருங்கிவிடுகின்றது. அந்நிலையில் மருந்தைத் திடீரென நிறுத்தினாலோ, பெரிய ரணசிகிச்சை நேர்ந்தாலோ, உடம்பு தாங்கமாட்டாது சரிந்துவிடும். இங்ஙனம் ரணசிகிச்சையின் பின் ஒருவர் மாண்ட செய்தி 1952-இல் வைத்திய சஞ்சிகையில் வெளிவந்தது.

பத்தொன்பது ஆண்டுகள் ஒரு பொருளைத் தேடிக் கண்டவர், அதன் குறையை மறைக்கவோ குறைத்துக் கூறவோ விழைதல் மனித இயல்பு. ஹெஞ்சும் அவருடன் இருந்தோரும் அவ்விழைவுக்கு இடங்கொடுத்திலர். தொடக்கத்திலேயே இதனை ஆராய்ச்சி நிலையிலுள்ள பொருளாகக் கருதுமாறு எச்சரித்தனர். நோய் நீக்கும் மருந்தென்று எங்கும் அவர்கள் உரிமை கொண்டாடவில்லை. தாம் கண்ட தீய விளைவுகளை 1950-இலேயே விரிவாக எழுதி வெளியிட்டனர். இம்மருந்து செய்வது யாது என்பதனை விளக்க ஹெஞ்ச் ஓர் உவமை கூறினார். வீட்டிற் பற்றிய தீயை இம்மருந்து அணைப்பதில்லை. எரிந்த வீட்டைத் தச்சனைப்போலப் புதுக்குவதுமில்லை. உள்ளிருப்போர்க்குக் கல்நாரால் ஆகிய உடை அணிவித்துத் தீயினின்று காப்பதே அது செய்வது. நேபுகாத்நேச்சாரின் சூளையில் வேகாது நின்ற சாத்ராக், மேஷாக், ஆபேத்நேகோ என்பாரையும் அவர் இங்கே நினைவூட்டினார். தீ எரிந்துகொண்டே இருக்கின்றது என்பதும், உடையைக் களைந்தால் சுடும் என்பதும் இவ்வுவமையுள் அடங்கியிருத்தல் காண்க. பரிசு பெற்ற புகழ் உச்சியில் நின்று இதனைக் கூறியமையையே யாம் அவருடைய பெருமையாகக் கருதுகின்றோம்.

அடுத்து வந்த ஆண்டுகள் அளவைத் தேடிய ஆண்டுகள். 1951-இல் பிலடெல்பியாவில் ஹாலண்டர் என்னும் வைத்தியர் இவ்வின மருந்தை நோயுற்ற மூட்டினுள்ளேயே ஊசியாற் செலுத்தி, உடம்பு முழுவதும் பரவாது பயன்பெறும் வழியைக் காட்டினார். 1955-இல் பிரட்னிசோன் என்னும் வலிமை மிக்க மாற்று மருந்து வந்தது. உப்பைத் தேக்கி உடம்பை வீங்கச் செய்யும் குறை அதிற் குறைந்ததேயன்றி, ஏனைய குறைகள் நீங்கவில்லை. இடையே 1954-இல் இங்கிலாந்தில் ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று. முடக்குவாதம் தொடங்கிய நிலையில் உள்ளோரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்குக் கார்ட்டிசோனும் மற்றையோர்க்குப் பழைய ஆஸ்பிரினும் கொடுத்துப் பார்த்ததில், இரண்டுக்கும் பெரியதொரு வேற்றுமை காணப்படவில்லை. அதிசய மருந்தென்று போற்றிய பத்திரிகைகளுக்கு இஃது எவ்வாறு இருந்திருக்கும் என்பதை நாம் எண்ணிப் பார்க்கலாம்.

ஆயின் ஆஸ்பிரின் தீங்கற்றதோ எனின், அன்று. அஃது அழற்சியைத் தணிப்பது எவ்வாறு என்பதனை ஜான் வேன் என்னும் ஆங்கில அறிஞர் 1971-இல் விளக்கினார். ப்ராஸ்டக்ளாண்டின் என்னும் பொருள்கள் உடம்பில் உண்டாவதை அது தடுக்கின்றது. அப்பொருள்களே மூட்டில் நோவையும் வீக்கத்தையும் மிகுவிப்பன. அவையே இரைப்பையின் உட்சவ்வைக் காப்பனவும், சிறுநீரகத்துக்கு இரத்தம் குன்றாது செல்லத் துணைபுரிவனவும் ஆம். ஆதலின் நோவு தணியும் வழியே புண் வரும் வழியுமாயிற்று. ஐபுப்ரோபென், டைக்ளோபெனாக், நாப்ராக்ஸென் முதலிய இன்றைய மாத்திரைகளும் இவ்வினத்தனவே. இவற்றை உண்போர் உணவோடு உண்பதும், நோவு தணிதற்குப் போதிய மிகச் சிறிய அளவை மிகச் சில நாட்களே கொள்வதும் முறை. வேறு வேறு பெயரிட்டு விற்கப்படும் இரண்டு மாத்திரைகள் ஒரே இனமாயிருத்தல் கூடும். அறியாமல் இரண்டையும் சேர்த்து உண்போர் பலர். இரைப்பைப் புண் வந்தவர், சிறுநீரகம் பழுதுற்றவர், இருதய நோயும் இரத்த அழுத்தமும் உடையவர், இரத்தம் உறையாதிருக்க மருந்துண்பவர், முதியோர், கருவுற்ற மகளிர் ஆகியோர் வைத்தியரைக் கேளாது இவற்றைத் தொடுதலும் ஆகாது. கார்ட்டிசோன் இனத்து மருந்தையும் இவற்றையும் ஒருங்கே உண்பார்க்கு இரைப்பைப் புண் வரும் அபாயம் பெருகும். கறுத்த மலம் கழியுமாயின் உள்ளே இரத்தம் கசிகின்றதென்று அறிந்து அன்றே வைத்தியரை நாடல் வேண்டும்.

கார்ட்டிசோன் வழிவந்த மருந்துகள் கைவிடப்பட்டன அல்ல. இன்றும் முடக்குவாதத்தில் வைத்தியர் பிரட்னிசோலோனைச் சிறிய அளவிற் சில காலம் கொடுக்கின்றனர். நோயின் வேரை அடக்கும் மெத்தோட்ரெக்ஸேட் போன்ற மருந்துகள் பயன்தரச் சில வாரங்கள் ஆதலின், அதுவரை ஆற்றைக் கடக்க இட்ட தற்காலிகப் பாலம் போல் அது நிற்கின்றது. பின்னர்ப் படிப்படியாகக் குறைத்து நிறுத்துகின்றனர். நோவு நீங்கிற்றென்று நோயாளி தாமே ஒருநாள் நிறுத்திவிடுவதும், நன்றாயிருக்கின்றதென்று பழைய சீட்டைக் காட்டி ஆண்டுக்கணக்கில் வாங்கி உண்பதும் ஒருதன்மையவான பிழைகள். பெயர் கூறாத சூரணங்களிலும் மாத்திரைகளிலும் இவ்வினத்து மருந்தை மறைவாகக் கலந்து விற்போரும் உளர். இரண்டே நாளில் முடவனை நடக்க வைத்தது என்று ஒரு சூரணம் புகழப்படுமாயின், 1948-ஆம் ஆண்டுச் செப்டம்பர் மாதத்தை நினைத்துக்கொண்டு, அதனுள் யாது உளது என்று வினவுதல் நன்று.

ஹெஞ்சின் பிற இயல்புகளையும் சிறிது கூறுவாம். 1927-இல் மேரி கேலர் என்னும் அம்மையாரை மணந்து ஆண்மக்கள் இருவரும் பெண்மக்கள் இருவரும் பெற்றார். மூத்த மகனாரும் வாதநோய் வைத்தியரே ஆயினார். தமக்குக் கிடைத்த நோபல் பரிசுத் தொகையை ஹெஞ்ச் தாமே முழுவதும் வைத்துக்கொள்ளவில்லை. உடன் உழைத்தோர்க்குப் பகிர்ந்தளித்தார். செயின்ட் மேரீஸ் வைத்தியசாலையில் வாதநோயாளர் பகுதியைக் கவனித்து வந்த பாண்டலியன் என்னும் கன்னிகாஸ்திரீக்கும், ரோமாபுரியைக் காணவேண்டுமென்னும் அவருடைய நெடுநாள் அவா நிறைவேறுமாறு ஒரு பகுதி கொடுத்தார். மருந்து செலுத்தினவர் பெயரையே உலகம் அறியும். நோயாளியை இரவும் பகலும் புரட்டிப் படுக்கவைத்தவர் யார் என்பதனை அவர் அறிந்திருந்தார்.

அவருக்குப் பழஞ்செய்திகளைத் துருவுவதில் அளவிறந்த ஆர்வம். க்யூபா தீவில் வால்ட்டர் ரீட் என்பாரும் அவர் குழுவினரும் 1900-ஆம் ஆண்டில் மஞ்சட்காய்ச்சல் கொசுவாற் பரவுவதென்று நிறுவிய வரலாற்றைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். அச்சோதனைக்குத் தம் உடம்பை உதவியவர்களுள் உயிரோடிருந்தோரைத் தேடிக் கண்டு வினவினார். சோதனை நடந்த இடத்தையே தேடிக் கண்டுபிடித்தார். ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளிலும் அவருக்குப் பெருவிருப்பு. அந்நூற்பதிப்புக்களை ஏராளமாகச் சேர்த்தார். காமாலைக் குறிப்பொன்றைப் பற்றிக்கொண்டு பத்தொன்பது ஆண்டு தடம் பார்த்துச் சென்றவர்க்குத் துப்பறியும் கதையில் விருப்பு இருந்தது இயல்பே.

1957-இல் மேயோ நிலையத்தினின்று ஓய்வு பெற்றார். 1965-ஆம் ஆண்டு ஜமேக்கா தீவுக்கு ஓய்வு நாட்களைக் கழிக்கச் சென்றிருந்தபோது நுரையீரற் காய்ச்சல் கண்டு, மார்ச் மாதம் 30-ஆம் நாள், அறுபத்தொன்பதாம் வயதில், ஓச்சோ ரியோஸ் என்னும் ஊரில் இறந்தார். அவர் சேர்த்த மஞ்சட்காய்ச்சல் ஏடுகளை அவருடைய மனைவியார் வர்ஜீனியா சர்வகலாசாலைக்கு அளித்தனர். ஹோம்ஸ் நூல்கள் மின்னஸோட்டா சர்வகலாசாலைப் புத்தகசாலையில் இருக்கின்றன.